பேரிங் எவ்வளவு சூடாகும்? ஆயில் ஃபிலிம் கணக்கு இடிக்கிற இடம்

ஒரு ஜர்னல் பேரிங் எவ்வளவு லோடு தாங்கும்னு கேட்டா, கையில சரியான சார்ட் இருந்தா பத்து நிமிஷத்துல சொல்லிடலாம். அதே பேரிங் எவ்வளவு சூடாகும்னு கேட்டுப் பாருங்க, ரெண்டு சாஃப்ட்வேர் ரெண்டு நம்பர் சொல்லும், மெஷினை ஓட்டிப் பாத்தா பேரிங்ல பதிச்ச ஆர்டிடி, அதாவது சூட்டை அளக்கற சென்சார், மூணாவதா ஒரு நம்பர் காட்டும். பிரஷர் கணக்கு 1886-லயே வந்தாச்சு, சூட்டுக் கணக்கு மட்டும் இன்னும் இழுபறியாவே இருக்கு. இது ஏன்னு கொஞ்சம் விலாவாரியா எழுதலாம்னு தோணுச்சு. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவுல இருக்கற மெல்லிசு ஆயில் படலம்தான் ஃபிலிம், அதுக்குள்ள நடக்கறதைக் கணக்கு போடறது இன்னிக்கு பெரிய விஷயமே இல்ல, ஆயில் உள்ள நுழையற இடத்துல அது என்ன சூட்டுல இருக்கும், ஷாஃப்ட் என்ன சூட்டுல இருக்கும்னு நாம ஒரு அனுமானம் வச்சுக்கறோம் பாருங்க, அங்கதான் பாதி கணக்கு கவுந்து போகுது.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா: பால், ரோலர் எதுவும் இல்லாம ஷாஃப்ட் நேரா ஒரு புஷ்ஷுக்குள்ள உக்காந்து சுத்தினா அது ஜர்னல் பேரிங். கார் இன்ஜின் கிராங்க்ஷாஃப்ட்ல இருக்கறதும் இதுதான், அனல் மின் நிலைய டர்பைன்ல இருக்கறதும் இதுதான். புஷ்ஷோட உள்பக்கம் ஒயிட் மெட்டல் ஊத்தியிருப்பாங்க, 1839-ல பேடண்ட் வாங்கின ஐசக் பாபிட் பேர்ல பாபிட்னும் சொல்வாங்க. வெள்ளீயம் 89 சதவீதம், ஆன்டிமனி ஏழரை, செம்பு மூணரைங்கறது ரொம்பப் பரவலா இருக்கற ஒரு கலவை. இது கிட்டத்தட்ட 240 டிகிரில உருக ஆரம்பிக்கும், ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே பலம் போயிடும், 130 டிகிரியைத் தாண்டிட்டா லோடு இருக்கற இடத்துல மெதுவா நகர ஆரம்பிச்சுடும். அதனாலதான் டர்பைன்ல பேரிங் மெட்டல் டெம்பரேச்சர் 110, 120 பக்கம் வந்தாலே கன்ட்ரோல் ரூம்ல எல்லார் கண்ணும் அந்த ஒரு நம்பர் மேல போயிடுது.

ஷாஃப்ட் நின்னுக்கிட்டிருக்கும்போது புஷ்ஷோட அடில உக்காந்திருக்கும். சுத்த ஆரம்பிச்சதும் ஆயிலை இழுத்துக்கிட்டு ஒரு பக்கமா ஏறி, நடு மையத்துலேருந்து கொஞ்சம் விலகி நிக்கும். ஆயில் அகலமான பக்கத்துலேருந்து குறுகலான பக்கத்துக்கு இழுத்துட்டுப் போகப்படுது, அங்க பிரஷர் ஏறி ஷாஃப்ட்டைத் தூக்கிப் பிடிக்குது. ரொம்பக் குறுகலான இடத்துல 20, 30, 50 மைக்ரான் அளவுதான் இடைவெளி. மெட்டலும் மெட்டலும் தொடவே இல்ல, அப்புறம் எதுக்கு சூடு? அந்த மெல்லிசு ஆயில் படலத்தோட ஒரு பக்கம் புஷ்ல ஒட்டி அசையாம நிக்குது, மறுபக்கம் ஷாஃப்ட்டோட ஒட்டிக்கிட்டு செகண்டுக்கு 30 மீட்டர் வேகத்துல ஓடுது, நடுவுல இருக்கற ஆயில் அடுக்கடுக்கா ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கி உராயுது, மோட்டாரோ டர்பைனோ குடுக்கற பவர்ல ஒரு பங்கு அப்படியே ஆயிலுக்குள்ள வெப்பமா மாறுது. அவ்வளவுதான்.

லண்டன்ல பீச்சம் டவர் 1880-கள்ல பண்ணின சோதனைக் கதையை எல்லாரும் சொல்வாங்க. ரயில்வே ஆக்சில் பேரிங் மாதிரி 4 இன்ச் விட்டம், 6 இன்ச் நீளம் ஜர்னல், லூப்ரிகேட்டர் மாட்ட மேல ஒரு ஓட்டை போட்டாரு, ஆயில் அது வழியா பொங்கி வந்துச்சு, கட்டையை வச்சு அடைச்சாரு, கட்டையும் வெளில வந்துடுச்சு, கேஜ் மாட்டினா 200 பவுண்டைத் தாண்டிப் போச்சு, ஆனா மேல வச்ச லோடோட சராசரி சதுர இன்ச்சுக்கு 100 பவுண்டுதான். இந்தக் கதைல எல்லாரும் விட்டுடற ஒரு விஷயம், டவர் தன்னோட டேபிள்கள்ல 90 டிகிரி ஃபாரன்ஹீட்னு டெம்பரேச்சரைக் குறிச்சு வச்சிருக்காரு. சூடு மாறினா உராய்வு மாறிடும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு, அதனால ஒரே சூட்டுல வச்சு ஒப்பிட்டாரு.

டவரோட நம்பர்களை எடுத்து 1886-ல மான்செஸ்டர்ல ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் ஒரு சமன்பாடு போட்டாரு. இன்னிக்கு வரைக்கும் எல்லா பேரிங் சாஃப்ட்வேரோட வயித்துக்குள்ளயும் ஓடிக்கிட்டிருக்கறது அந்த ரெனால்ட்ஸ் சமன்பாடுதான். ஆனா அவருக்கே அது முழுசா ஒத்து வரல. வேகம் கூடினா உராய்வு எவ்வளவு ஏறணும்னு தியரி சொல்லுதோ அந்த அளவுக்கு டவரோட அளவுகள்ல ஏறல. ரெனால்ட்ஸ் சொன்ன காரணம், வேகம் கூடக்கூட ஃபிலிமுக்குள்ள இருக்கற ஆயில், தொட்டில இருக்கற ஆயிலை விட அதிகமா சூடாகுது, சூடானா விஸ்காசிட்டி, அதாவது ஆயிலோட கெட்டித்தன்மை, குறையுது, அதான் உராய்வு எதிர்பார்த்த அளவுக்கு ஏறலங்கறது. ஆலிவ் எண்ணெயை வச்சு சூட்டுக்கும் விஸ்காசிட்டிக்கும் என்ன உறவுன்னு அளந்து, ஒரு எக்ஸ்பொனென்ஷியல் ஃபார்முலாவும் போட்டாரு. ஆக சூடுங்கறது பின்னாடி யாரோ ஒட்ட வச்ச சமாச்சாரம் கிடையாது, முதல் பேப்பர்லயே உக்காந்திருக்கு. அதுக்கப்புறம் வந்தவங்க பல வருஷம் அதை ஓரமா வச்சிட்டு, விஸ்காசிட்டி எங்கயும் ஒண்ணுதான்னு எடுத்துக்கிட்டு பிரஷரை மட்டும் தீத்தாங்க. 1904-ல சொமர்ஃபெல்ட் நீளமான பேரிங்குக்கு கையால தீர்வு கண்டுபிடிச்சதும் சரி, 1958-ல ரைமொண்டியும் பாய்டும் கம்ப்யூட்டர் வச்சு போட்ட சார்ட்களும் சரி, விஸ்காசிட்டிக்கு ஒரே ஒரு நம்பரைத்தான் கேக்கும். அந்த ஒரு நம்பரை எந்த டெம்பரேச்சர்ல எடுக்கணும்னு கண்டுபிடிக்கறது நம்ம வேலை.

ஒரு கணக்கு போட்டே பாத்துடலாம். 200 மிமீ ஷாஃப்ட், பேரிங் நீளம் 160 மிமீ, ஒரு பக்க கிளியரன்ஸ் (ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல உள்ள இடைவெளி) 0.2 மிமீ, 3000 ஆர்பிஎம். ஷாஃப்ட்டோட மேற்பரப்பு வேகம் செகண்டுக்கு 31.4 மீட்டர் வருது. ஆயில் டர்பைன்ல சாதாரணமா ஊத்தற ஐஎஸ்ஓ விஜி 32, அதாவது 40 டிகிரில 32 சென்டிஸ்டோக். 1883-ல ரஷ்யாவுல நிக்கோலாய் பெத்ரோவ் சொன்ன வழி ரொம்ப சிம்பிள், ஷாஃப்ட் நட்ட நடு மையத்துல சுத்துதுன்னு வச்சுக்கிட்டு விஸ்காசிட்டி, வேகத்தோட வர்க்கம், பரப்பளவு மூணையும் பெருக்கி கிளியரன்ஸால வகுத்தா பவர் லாஸ் வந்துடும். ஆயில் 40 டிகிரில இருந்தா சுமார் 13.5 கிலோவாட். அதே ஆயில் 60 டிகிரில இருந்தா 6.3 கிலோவாட்தான். இருபது டிகிரி வித்தியாசத்துக்கு லாஸ் பாதிக்கும் கீழ போயிடுச்சு, பேரிங்கும் அதேதான், வேகமும் அதேதான்.

சரி, உண்மைல என்ன டெம்பரேச்சர்ல நிக்கும்? இங்கதான் வட்டம் சுத்த ஆரம்பிக்குது. ஆயில் 45 டிகிரில உள்ள வருது, நிமிஷத்துக்கு 11 லிட்டர் ஓடுது, வெப்பம் மொத்தமும் ஆயிலோடயே வெளில போகுது, ஃபிலிமோட சராசரி சூடும் வெளில வர ஆயிலோட சூடும் ஒண்ணுன்னு வச்சுக்குவோம். முதல்ல 50 டிகிரின்னு ஒரு யூகம் பண்ணா லாஸ் 9 கிலோவாட், ஆயில் 29 டிகிரி ஏறி 74-க்குப் போயிடும். 74-ன்னா ஆயில் ரொம்ப நீர்த்துப் போய் லாஸ் 4.2 கிலோவாட்தான், அப்போ 58. திரும்ப 58-ல போட்டா 66. அப்புறம் 62, அப்புறம் 64. இப்படி மேலயும் கீழயும் ஆடி ஆடி 63 பக்கத்துல போய் அடங்கும். ஒவ்வொரு தடவையும் பழைய நம்பரும் புது நம்பரும் கூட்டி பாதி எடுத்தீங்கன்னா, 50-க்கும் 74-க்கும் நடுவுல 62, ரெண்டாவது தடவைலயே கிட்டத்தட்ட வந்து நின்னுடும், எல்லா சாஃப்ட்வேர்லயும் இந்த வேலை ஏதோ ஒரு ரூபத்துல இருக்கும். ஷாஃப்ட் மையம் விலகி நிக்கறதால நிஜத்துல லாஸ் கொஞ்சம் கூடும், ஆயில் ஃப்ளோவும் அந்த விலகலைப் பொறுத்து மாறும், அதனால இந்த 63-ஐ எடுத்துக்கிட்டு யாரும் பேரிங் டிசைன் பண்ணக் கிளம்பிடாதீங்க, விஷயம் புரியறதுக்குத்தான் இது.

ஆனா இந்த குட்டிக் கணக்கே ரெண்டு விஷயத்தை நல்லா காட்டும். கோடைல கூலர் சரியா வேலை செய்யல, ஆயில் 45-க்கு பதிலா 55-ல வருதுன்னு வைங்க, பேரிங் 73-க்குப் போகும்னு பயப்படுவோம், கணக்கு போட்டா 70-லயே நின்னுடுது. உள்ள வர சூடு பத்து டிகிரி ஏறினா ஃபிலிம் ஏழு டிகிரிதான் ஏறுது, ஏன்னா ஆயில் நீர்த்து லாஸ் தானாவே குறைஞ்சுடுது. ரெண்டாவது, சூடாகுதா, கெட்டியான ஆயில் ஊத்துன்னு சொல்ற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு. விஜி 32-க்கு பதிலா விஜி 46 ஊத்தினா இதே கணக்குல ஃபிலிம் 67-க்குப் போகுது, லாஸ் 5.7-லேருந்து 6.8 கிலோவாட்டுக்கு ஏறுது. ஃபிலிம் கொஞ்சம் தடிமனாகும், அது நல்லதுதான், லோடு அதிகமா வேகம் கம்மியா இருக்கற பேரிங்ல அது அவசியமும் கூட, ஆனா வேகமா சுத்தற பேரிங்ல சூட்டைக் குறைக்க கெட்டி ஆயில் ஊத்தறது தலைகீழ் வைத்தியம்.

நம்ம ஊர்ல மெக்கானிக்கல் படிச்சவங்களுக்கு ஒரு ஃபார்முலா ஞாபகம் இருக்கும், டிசைன் பேப்பர்ல டேட்டா புக்கை விரிச்சு வச்சுக்கிட்டு, பேரிங்லேருந்து வெளில போற வெப்பத்துக்காக, டெம்பரேச்சர் வித்தியாசத்தோட 18-ஐக் கூட்டி, வர்க்கம் எடுத்து, நீளத்தையும் விட்டத்தையும் பெருக்கி கே-ங்கற ஒரு மாறிலியால வகுக்கறது. 18 எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா வாத்தியாரும் சொல்ல மாட்டாரு. அது பம்ப் ஆயில் எதுவும் இல்லாம, பேரிங் ஹவுசிங் காத்துல தானா ஆறுற கேஸுக்கு சோதனைலேருந்து எடுத்த ஃபார்முலா, சின்ன ஃபேன், ஒர்க்‌ஷாப் லைன் ஷாஃப்ட் மாதிரி இடத்துக்கு சரியா இருக்கும். இதையே 3000 ஆர்பிஎம் டர்பைனுக்குப் போட்டா அர்த்தமே இல்ல, அங்க வெப்பத்தோட பெரும்பகுதியைத் தூக்கிட்டுப் போறது ஆயில்தான், காத்து இல்ல. ஆனா பரீட்சைல ரெண்டு வகைக்கும் இதே ஒரு ஃபார்முலாவைப் போட்டு மார்க் வாங்கிட்டு வந்துடறோம்.

இப்ப ஃபிலிமுக்குள்ள போவோம். சராசரி டெம்பரேச்சர் தெரிஞ்சா போதாது, பாபிட் கெடறது உச்சபட்ச சூடு இருக்கற ஒரு இடத்துலதான். அதைக் கண்டுபிடிக்க ரெனால்ட்ஸ் சமன்பாட்டோட சேத்து எனர்ஜி சமன்பாட்டையும் தீக்கணும். 1949-ல கோப் இதைப் பண்ணும்போது ஒரு வசதியான அனுமானம் வச்சுக்கிட்டாரு, வெப்பம் ரெண்டு பக்கச் சுவருக்குள்ள, அதாவது புஷ்ஷுக்குள்ளயும் ஷாஃப்ட்டுக்குள்ளயும், போகவே போகாது, ஆயிலோடயே அடிச்சுட்டுப் போயிடும்னு. இதுக்கு அடியபாட்டிக்னு பேரு. இதுக்கு நேர் எதிர் அனுமானமும் உண்டு, சுவர் ஒரே சூட்டுல இருக்கும், உண்டாகற வெப்பமெல்லாம் சுவருக்கே போகும்னு. எது சரி? நம்ம பேரிங்லயே பாக்கலாம். 50 மைக்ரான் தடிமன் ஆயிலைக் குறுக்கால கடந்து வெப்பம் சுவருக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 0.03 செகண்டு ஆகும். அதே ஆயில் பேரிங்கை பாதி சுத்து சுத்தி வர 0.02 செகண்டு ஆகும். ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு! இந்தப் பக்கமும் முழுசா சாய முடியாது, அந்தப் பக்கமும் முழுசா சாய முடியாது. ஒரு அனுமானத்தை வச்சு ஒப்பேத்தலாம்னு பாக்கறவங்களுக்கு இயற்கை இவ்வளவு கறாரா இடம் குடுக்காம இருக்கறது அபூர்வம்தான்.

அதோட ஃபிலிமோட தடிமனுக்குள்ளயே டெம்பரேச்சர் ஒரே மாதிரி இருக்காது. ரெண்டு சுவரும் ஒரே சூட்டுல இருந்தாலும் நடுவுல இருக்கற ஆயில், நம்ம கணக்குக்கு, 12 டிகிரி வரைக்கும் கூடுதலா இருக்கலாம். அந்த 50 மைக்ரானுக்குள்ள 12 டிகிரி! நடுவுல ஆயில் நீர்த்துப் போறதால அங்க அதிகமா வழுக்கும், வேகம் நேர்கோடா மாறும்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கறது வளைஞ்சு போகும். 1962-ல இங்கிலாந்து லீட்ஸ்ல டங்கன் டவ்சன் இதையும் சேத்து ரெனால்ட்ஸ் சமன்பாட்டைப் பொதுவாக்கி எழுதினாரு, தடிமனுக்குள்ள விஸ்காசிட்டி மாறினாலும் தாங்கற மாதிரி. இப்ப தெர்மோஹைட்ரோடைனமிக், சுருக்கமா டிஎச்டி மாடல்னு சொல்றது எல்லாம் இந்த வழில வந்ததுதான்.

டவ்சன் குழு தியரியோட நிறுத்தல, 1966 வாக்குல ஒரு பேரிங்ல ஷாஃப்ட்லயும் புஷ்லயும் நிறைய தெர்மோகப்பிள் பதிச்சு அளந்தாங்க. புஷ்ல டெம்பரேச்சர் சுத்து வட்டத்துல நல்லா ஏறி இறங்குது, ஃபிலிம் ரொம்ப மெல்லிசா இருக்கற இடத்தை ஒட்டி உச்சம். ஆனா ஷாஃப்ட்ல சுத்து வட்டத்துல கிட்டத்தட்ட வித்தியாசமே இல்ல. யோசிச்சா நியாயம்தான், 3000 ஆர்பிஎம்-ல ஷாஃப்ட்டோட ஒவ்வொரு புள்ளியும் செகண்டுக்கு 50 தடவை சூடான பக்கத்தையும் குளிர்ந்த பக்கத்தையும் பாத்துட்டு வருது, எஃகுக்குள்ள அந்த ஏத்த இறக்கம் கால் மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல போய்ச் சேரவே நேரம் இல்ல. அதனால மாடல் போடறவங்களுக்கு ஒரு பெரிய வசதி கிடைச்சுது, ஷாஃப்ட் முழுக்க ஒரே டெம்பரேச்சர்னு எடுத்துக்கலாம், ஷாஃப்ட்டுக்குள்ள மொத்தமா போற வெப்பமும் வெளில வர வெப்பமும் சமம்னு வச்சா அந்த ஒரு நம்பரும் தானா கிடைச்சுடும். இந்த அனுமானத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி இது காலை வாரும்.

அதுக்கு முன்னாடி, நான் ஆரம்பத்துல சொன்ன நுழைவாயில் சமாச்சாரம். சப்ளை பைப்ல ஆயில் 45 டிகிரி. அப்ப ஃபிலிமோட ஆரம்பத்துல 45 டிகிரின்னு போட்டுடலாமான்னா, முடியாது. பேரிங்கை ஒரு சுத்து சுத்திட்டு வந்த சூடான ஆயில்ல ஒரு பகுதிதான் ரெண்டு ஓரமும் வழிஞ்சு வெளில போகுது. மிச்சம் ஷாஃப்ட்டோட ஒட்டிக்கிட்டே திரும்ப குரூவ், அதாவது புது ஆயில் உள்ள வரதுக்காக புஷ்ல வெட்டின பள்ளம், இருக்கற இடத்துக்கு வந்துடுது, அங்க புது ஆயில் அதோட கலக்குது, கொதிக்கிற வெந்நீர்ல பச்சத்தண்ணி விளாவற மாதிரி. எவ்வளவு வெந்நீர், எவ்வளவு பச்சத்தண்ணிங்கறதைப் பொறுத்து ஃபிலிம் 50-ல ஆரம்பிக்கலாம், 60-லயும் ஆரம்பிக்கலாம். இதோட இன்னொரு சிக்கல், குரூவுக்குள்ள ரெண்டும் நல்லா கலக்கறதே இல்ல. சூடான ஆயில் ஷாஃப்ட்டை ஒட்டி ஒரு அடுக்கா அப்படியே தாண்டிப் போயிடுது, புது ஆயில் குரூவுக்குள்ள சுழன்றுட்டு ஓரமா வெளில போயிடுது. இதனால நிறைய மாடல்ல கலப்பு விகிதம்னு ஒரு நம்பரை வச்சிருப்பாங்க, 0.7-ன்னு ஒருத்தர் போடுவார், 0.9-ன்னு இன்னொருத்தர் போடுவார், சோதனையோட ஒத்து வர வரைக்கும் திருகிக்கிட்டே இருக்கலாம். ஃபிலிமுக்குள்ள ஆயிரக்கணக்கான புள்ளில தசம சுத்தமா தீர்வு கண்டுபிடிச்சிட்டு, வாசல்ல இப்படி ஒரு திருகாணி. கலர் கலரா படம் போட்ட ரிப்போர்ட் எதையாவது பாத்தீங்கன்னா முதல்ல இந்த நம்பர் என்னன்னு தேடிப் பாருங்க.

சிஎஃப்டி, அதாவது திரவ ஓட்டத்தை முழுசா கம்ப்யூட்டர்ல தீக்கற முறை இருக்கே, அதை வச்சு முழு பேரிங்கையும் தீத்தா என்னன்னு கேப்பாங்க. 30 மைக்ரான் தடிமன், 600 மிமீ நீளம் இருக்கற படலத்துக்கு மெஷ் போடறதே, அதாவது சின்னச் சின்ன கட்டமா பிரிக்கறதே, ஒரு தண்டனை, அவ்வளவு கஷ்டப்பட்டு வர விடை ரெனால்ட்ஸ் சமன்பாடு குடுக்கற விடையை விட ஒண்ணும் பெருசா மாறாது. என்னைக் கேட்டா சிஎஃப்டியைப் போட வேண்டிய இடம் அந்த குரூவ்தான், அங்க ஆழம் மில்லிமீட்டர் கணக்குல இருக்கு, சுழற்சி இருக்கு, ரெனால்ட்ஸோட அனுமானம் எல்லாம் அங்கதான் உடையுது. மெஷின் தயாரிக்கறவங்க வேற வழில போனாங்க, கலப்பைக் கணக்கு போடறதை விட சூடான ஆயிலை வர விடாம பண்ணிடலாம்னு. டில்டிங் பேட் பேரிங்ல, அதாவது முழு புஷ்ஷுக்கு பதிலா லேசா சாயற தனித்தனி துண்டுகள் (பேட்) வச்ச பேரிங்ல, ஒவ்வொரு பேடோட முன் விளிம்புலயே நேரா புது ஆயிலை விடறது, ரெண்டு பேடுக்கு நடுவுல ஸ்ப்ரே பண்றதுன்னு வந்த டிசைன் எல்லாம் இதுக்குத்தான்.

பேரிங்கோட மேல் பாதில, இடைவெளி அகலமாகிக்கிட்டே போற பக்கத்துல ஃபிலிம் கிழிஞ்சு விரல் விரலா பிரிஞ்சு நடுவுல காத்து வந்துடும். சொமர்ஃபெல்டோட பழைய தீர்வுல அங்க பிரஷர் மைனஸ்ல போகும், அது நடக்காத காரியம். எங்க கிழியுது, எங்க திரும்ப ஒட்டுதுங்கறதை யாகோப்சன், ஃப்ளோபர்க், ஓல்சன் மூணு பேரும் 1957, 1965-ல ஒழுங்கு பண்ணாங்க, 1981-ல எல்ராட் அதைக் கம்ப்யூட்டர்ல போடற மாதிரி ஆக்கினாரு. சூட்டுக் கணக்குக்கு இது எதுக்குன்னா, திரும்பி வர ஆயில் எவ்வளவுங்கறதை இதான் முடிவு பண்ணுது, ஆக வாசல் கணக்கும் இதை நம்பித்தான் நிக்குது.

கிளியரன்ஸ் விஷயத்தையும் சாதாரணமா தாண்டிப் போக முடியாது. டிராயிங்ல போட்டிருக்கறது அறை வெப்பத்துல உள்ள கிளியரன்ஸ். ஓடும்போது ஷாஃப்ட் ஹவுசிங்கை விட 30 டிகிரி அதிகமா சூடாச்சுன்னு வைங்க, 200 மிமீ எஃகு ஷாஃப்ட் 0.07 மிமீ பெருசாகும். விட்டத்துல மொத்த கிளியரன்ஸே 0.4 மிமீதான், அதுல ஆறுல ஒரு பங்குக்கு மேல போச்சு. கிளியரன்ஸ் குறைஞ்சா லாஸ் கூடும், லாஸ் கூடினா ஷாஃப்ட் இன்னும் பெருசாகும். சாதாரணமா விஸ்காசிட்டி குறையறது இதை அடக்கிடும், ஆனா ராத்திரி முழுக்க குளிர்ந்து கிடந்த மெஷினை ஆயில் சரியா வரதுக்கு முன்னாடி வேகமா ஸ்டார்ட் பண்ணா ஷாஃப்ட் சட்டுனு சூடாகும், கனமான ஹவுசிங் மெதுவா சூடாகும், அந்த சில நிமிஷ இடைவெளில ரெண்டும் பிடிச்சுக்கிட்டு ஜாம் ஆயிடலாம். ஸ்டெடி ஸ்டேட் மாடல் எவ்வளவு நல்லா இருந்தாலும் இந்தக் கேஸ் அதுல தெரியவே தெரியாது, நேரத்தோட சேத்து ஓட்டினாதான் தெரியும்.

பெரிய டர்பைன்ல, 500 மிமீ ஷாஃப்ட்ல, இன்னொரு வேடிக்கை. ஃபிலிமுக்குள்ள ஓட்டம் அமைதியா இல்லாம டர்புலன்ட் ஆயிடும். பவர் லாஸ் எகிறும். ஆனா ஃபிலிமுக்குள்ள குறுக்கால நல்லா கலக்கறதால உச்ச டெம்பரேச்சர் சில சமயம் குறையும், வேகத்தை ஏத்திக்கிட்டே போகும்போது பேட் டெம்பரேச்சர் ஒரு கட்டத்துல ஏறறதை நிறுத்தி கொஞ்சம் இறங்கும், மாடல்ல டர்புலன்ஸ் போடாதவங்க ஆர்டிடி பழுதுன்னு நினைச்சுக்குவாங்க. ஆர்டிடியைப் பத்தியும் ஒரு வார்த்தை, அது பாபிட்டோட மேற்பரப்புல இருக்கறது இல்ல, சில மில்லிமீட்டர் கீழ இருக்கு, டில்டிங் பேட்ல வழக்கமா பேடோட முக்கால் தூரத்துல வைப்பாங்க. மாடல் சொல்ற உச்சத்தை விட அது காட்டறது குறைவாத்தான் இருக்கணும், ரெண்டும் டிகிரி பிசகாம ஒத்து வந்தா நான் சந்தோஷப்பட மாட்டேன், சந்தேகப்படுவேன்.

கடைசியா, காலை வாரும்னு சொன்ன ஷாஃப்ட் அனுமானம். ஷாஃப்ட் முழுக்க ஒரே டெம்பரேச்சர்ங்கறது லோடு நிலையா இருந்து ஷாஃப்ட் மையம் ஒரே இடத்துல நிக்கற வரைக்கும் சரி. கொஞ்சம் அன்பேலன்ஸ் (எடை சுத்தி சமமா இல்லாம ஒரு பக்கம் கூடுதலா இருக்கறது) இருந்து ஷாஃப்ட் மையமும் அதே ஆர்பிஎம்-ல ஒரு சின்ன வட்டம் போட ஆரம்பிச்சுடுச்சுன்னா, ஷாஃப்ட்டோட ஒரே பக்கம் எப்பவும் புஷ்ஷை ஒட்டியே வரும், எதிர்ப்பக்கம் எப்பவும் தள்ளியே வரும். ஒட்டி வர பக்கம் ஃபிலிம் மெல்லிசு, அங்க சூடு அதிகம், அந்த சூடு எப்பவும் அதே இடத்துல விழுது. ஷாஃப்ட்டோட ரெண்டு பக்கத்துக்கும் சில டிகிரி வித்தியாசம் வந்தாலே ஷாஃப்ட் லேசா வளையும். பேரிங்கைத் தாண்டி வெளில தொங்கற பக்கத்துல கனமான கப்ளிங்கோ இம்பெல்லரோ இருந்தா அந்த லேசான வளைவு போதும், அன்பேலன்ஸ் கூடி, வட்டம் பெருசாகி, வித்தியாசம் இன்னும் கூடி, வைப்ரேஷன் நிமிஷக்கணக்குல மெதுவா சுழன்று சுழன்று ஏறும். இதுக்கு மார்ட்டன் எஃபெக்ட்னு பேரு, 1970-கள்ல பால் மார்ட்டன் ஷாஃப்ட்டுக்குள்ள இந்த வித்தியாசத்தை அளந்தாரு, 1990-கள்ல டி யாங்கும் அவரும் சேர்ந்து ஒரு சென்ட்ரிஃபியூகல் கம்ப்ரஸர்ல வந்த பிரச்சினைக்கு இதுதான் காரணம்னு காட்டினாங்க.

இதுல மாடல் போடறவங்களுக்கு இருக்கற தலைவலி ரெண்டு கடிகாரம். ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்த 20 மில்லிசெகண்டு, இல்ல அதுக்கும் கம்மி. ஷாஃப்ட்டோட உடம்பு சூடாகி வளைய பல நிமிஷம். சின்ன கடிகாரத்துல எண்ணி பெரிய கடிகாரம் வரைக்கும் ஓட்டினா ஆயிரக்கணக்கான சுத்துக்கு ஒவ்வொரு சுத்துலயும் பிரஷர், சூடு, ஷாஃப்ட்டோட அசைவுன்னு எல்லாத்தையும் தீக்கணும். அதனால ஒரு சுத்துக்கு ஃபிலிமைத் தீத்து, ஷாஃப்ட்டுக்குள்ள எந்தப் பக்கம் சராசரியா எவ்வளவு வெப்பம் போகுதுன்னு எடுத்து, ஷாஃப்ட்டை சில செகண்டுகளுக்கு சூடாக விட்டு, புது வளைவை வச்சு திரும்ப ஒரு சுத்துன்னு தாவித் தாவித்தான் போறாங்க. நடைமுறைல வெளில தொங்கற எடையைக் குறைக்கறது, பேரிங் கிளியரன்ஸை மாத்தறது மாதிரி வைத்தியம் எல்லாம் உண்டு. எனக்குப் பிடிச்சது 1998-ல டி யாங் ஆளுங்க வெளியிட்டது: ஜர்னல் மேல ஒரு ஸ்லீவ் மாட்டி, ஸ்லீவுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு இடைவெளி விட்டுட்டாங்க. ஃபிலிம் எவ்வளவு சூடானாலும் ஸ்லீவ்தான் சூடாகுது, உள்ள இருக்கற ஷாஃப்ட்டுக்கு அந்தச் சூடு போய்ச் சேர்றது ரொம்பக் குறைஞ்சு போச்சு, ஷாஃப்ட் வளையறதும் அதோட அடங்கிடுச்சு.